அண்ணை சொன்னவர்

குணம் அண்ணையின் தலையில் பழியைப் போட்டு, அவரைக் கழகத்தை விட்டுக் கலைத்தவன் நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் சுற்றி வளைத்து, நடுவிலே ஒரு சாட்டுக் கண்டுபிடித்து, கடைசியில் உங்களையே எனக்காக அழவைத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

நீங்கள் குரோய்டனுக்குக் கிட்ட இருக்கிற மிச்சம் என்ற ஊர்ப் பக்கத்து ஆள் என்றால் எங்கள் பழைய மாணவர் கிரிக்கெட் ரீமைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிரித்துமிருப்பீர்கள். ஞாயிறு லீக்கில் ஆக அடியில் கிடந்த ரீம் அது. நான் கப்டன். குணம் அண்ணை மனேஜர். அந்தக் கோடை முழுக்க உங்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்... மனேஜரை வைத்திருப்பதா, கலைப்பதா?

அப்பப்பா, எத்தனை நிபுணர்கள்! கோயிலில் செருப்புக் கழற்றும் இடத்தில் ஒருவர், கடையில் மீன் வெட்டக் காத்து நிற்கும்போது இன்னொருவர், வட்ஸ்அப்பில் விடிந்தால் பொழுதுபட்டால் ஒரு பட்டாளம்! "மனேஜரைத் தூக்கினால்தான் ரீம் உருப்படும்." பயிற்சிக்கு வாருங்கள் என்றால் ஒருவனுக்கு ஷிப்ட், ஒருவனுக்குப் பிள்ளையின் நீச்சல் வகுப்பு, ஒருவனுக்கு இடுப்பில் நாரி நோவு. ஒரு நாள் வந்து வியர்வை சிந்தாதவனெல்லாம் அந்த மனிதரின் மூளையை அளந்தான். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது!

ஆனால் கோபப்பட எனக்கு என்ன அருகதை? கேளுங்கள்.

குணம் அண்ணை பஸ் சாரதி. ஞாயிறு காலையில் அவருக்கு வேலை. மச் பாதி முடிந்த பிறகுதான் சீருடையோடு மைதானத்துக்கு ஓடி வருவார். அதனால் வேலைக்குப் புறப்பட முதல் எனக்குப் போன் எடுத்து, யார் முதலில் இறங்குவது, யார் பின்னால் வருவது, யார் பந்து போடுவது, எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லிவிடுவார்.

"தம்பி, துஷ்யந்தனை முதல் இறக்கும். நீர் அஞ்சாவதா வாரும். உமக்குப் புதுப்பந்து ஒத்துவராது. கோவிக்காதையும்."

கோவித்தேன். கப்டன் ஐந்தாவதாக இறங்குவதா? எல்லைக்கோட்டுக்கு வெளியே கதிரை போட்டு என் மனைவியும் மாமனாரும் பார்த்துக்கொண்டிருக்க, இங்கே பிறந்து வளர்ந்த ஒரு பொடியன் எனக்கு முன்னால் மட்டையோடு நடந்து போவதா?

முதல் தடவை அந்த ஒழுங்கை மாற்றியபோது என் குரல் நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. "துஷ்யந்தன், நீ ஆறாவது. நான் ஓப்பன் பண்ணுறன்" என்றேன்.

அவன் முகம் விழுந்துபோயிற்று. "ஏன் அண்ணா? போன மச் நான் ஃபிஃப்டி அடிச்சனான்தானே?"

"அண்ணை சொன்னவர்."

அவ்வளவுதான். எங்கள் ஆட்களிடம் அதற்கு மேல் கேள்வி கிடையாது. வேறு ரீம் என்றால் எவனாவது போனை எடுத்து மனேஜரிடமே கேட்டிருப்பான். எங்களில் ஒருவன்கூட மூத்தவரின் முகத்துக்கு நேரே "ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்க மாட்டான். முதுகுக்குப் பின்னால் கிழிப்பான், முன்னால் வந்து "ஓம் அண்ணை" என்பான். நான் அந்த மரியாதைக்குள் போய் ஒளித்துக்கொண்டேன்... நன்றாகத் தெரிந்துகொண்டுதான்!

நான் முதலில் இறங்குவேன். வந்த வழியே திரும்புவேன். துஷ்யந்தன் இறங்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். பொடியள் குணம் அண்ணையைத் திட்டுவார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து தலையை ஆட்டுவேன்.

ஒரு ஞாயிறு அவர் வழமையைவிட வெள்ளென வந்துவிட்டார். நான் அவுட்டாகிக் கால்காப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். துஷ்யந்தன் இன்னும் புல்லில் சும்மா இருந்தான். குணம் அண்ணை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி, மெல்லிய குரலில்... அப்போதுகூட என் மானத்தைத்தான் பார்த்தார் அந்த மனிதர்!

"தம்பி, துஷ்யந்தனையெல்லோ முதல் இறக்கச் சொன்னனான்?"

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். ஆனால் வாய் இருக்கிறதே, அது என்னைவிடக் கெட்டிக்காரன்.

"இல்லை அண்ணை. நீங்கள்தானே காலமை போனிலை என்னை ஓப்பன் பண்ணச் சொன்னனீங்கள்?"

"நானோ?"

"ஓம். மறந்துபோனியளோ?"

சிரித்துக்கொண்டு கேட்டேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார். என்னை ஒரு தடவையாவது சந்தேகமாகப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நேரே பொடியளிடம் போய், "இண்டைக்குப் பிழை என்ரை பக்கம்தான். குறை நினைக்காதையுங்கோ" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் லேசாகிவிட்டது. ஒவ்வொரு கிழமையும் மாற்றினேன். அவர் கேட்டால், "போன கிழமையும் இப்பிடித்தான் அண்ணை, ஒண்டைச் சொல்லிப்போட்டு மறந்திட்டியள்" என்றேன். நாள் போகப் போக அவர் கேட்பதை விட்டுவிட்டார். போனில் ஒரே பெயரை இரண்டு மூன்று தடவை சொல்லி, "இப்ப நான் என்ன சொன்னனான், ஒருக்காத் திருப்பிச் சொல்லும் பாப்பம்" என்று என்னையே கேட்கத் தொடங்கினார். நான் ஒழுங்காகத் திருப்பிச் சொல்லிவிட்டு, மைதானத்துக்குப் போய் மாற்றினேன்!

செயற்குழு கூடியது. மனேஜர் போகவேண்டும் என்று எல்லாரும் மேசையில் குத்தினார்கள். நான் பெருமூச்சு விட்டு, "பாவம், அண்ணைக்கு இப்ப சரியான மறதி" என்றேன். அந்த ஒரு வசனத்தோடு கோபம் எல்லாம் இரக்கமாக மாறிவிட்டது. சரி, அவரிடம் யார் சொல்வது? சத்தம் போட்டவர்களில் ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் போனைப் பார்த்தார். தலைவருக்கு இருமல் வந்தது.

"பொன்னாடை போத்தி அனுப்புவம்" என்று சொன்னவனும் நான்தான்.

ஆஹா, என்ன நிம்மதி எல்லாருக்கும்! ஒரு மனிதரை வேலையிலிருந்து தூக்குகிறோம் என்று சொல்லத் துணிவில்லாத கூட்டம், அவருக்கு விழா எடுத்தது. "அரும்பணியாற்றிய எமது முகாமையாளர்" என்று பாராட்டுரை எழுதி வாசித்தேன். தலைவர் பொன்னாடை போர்த்தினார். நீங்களும் வந்திருந்தீர்கள். கை தட்டினீர்கள், மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டீர்கள். எல்லாருக்கும் விஷயம் தெரியும், பொன்னாடையோடு நின்றவரைத் தவிர. வெட்கமாக இல்லையா உங்களுக்கு? எனக்கு அன்றைக்கு இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை என் போன் அடித்தது.

"தம்பி, துஷ்யந்தனை முதல் இறக்கும்..."

"அண்ணை... அண்டைக்கு உங்களுக்கு விழா எடுத்தது..."

"ஓம், நல்ல வடிவாச் செய்தியள். வீட்டிலை மனிசி இன்னும் அதைத்தான் கதைச்சுக்கொண்டிருக்கிறா."

"அது... இனி நீங்கள் வரத் தேவையில்லை எண்டதுக்கு."

"அப்ப அது அதுக்கோ?" என்றார். பிறகு, "சரி தம்பி. வெள்ளெனப் போம், பிந்தாதையும்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

புது மனேஜர் வந்தார். என் மாமனாரின் சிநேகிதர். என்னைத்தான் முதலில் இறக்குகிறார். ரீம் இன்னும் அடியில்தான் கிடக்கிறது. நீங்கள் இப்போது அவரையும் கலைக்கவேண்டும் என்று வட்ஸ்அப்பில் எழுதத் தொடங்கிவிட்டீர்கள்... எழுதுங்கள், எழுதுங்கள்!

போன மாதம் குரோய்டன் போகும் ட்ராமில் ஏறினேன். குணம் அண்ணை இருந்தார். வேலை நாள், ஆனால் சீருடை இல்லை. என்னைக் கண்டதும் பையைத் தூக்கி மடியில் வைத்துப் பக்கத்தில் இடம் தந்தார்.

"இண்டைக்கு லீவோ அண்ணை?"

"வேலையை விட்டிட்டன் தம்பி."

"ஏன்?"

"மறதியெல்லோ. டொக்டர் எல்லாம் சோதிச்சுப் பாத்தவர், ஒண்டுமில்லை எண்டுறார். அவருக்கென்ன தெரியும்? நான் காலமை சொன்னது பின்னேரம் எனக்கு ஞாபகம் இருக்கிறேல்லை எண்டு உமக்கெல்லோ தெரியும். சனத்தை ஏத்திக்கொண்டு போற வேலை. ஒருநாள் சிவப்பு லைற்றை மறந்துபோனால்...? அதுதான் மனிசியோடை கதைச்சிட்டு விட்டிட்டன்."

சொல்லடா! இப்போதாவது சொல்லித் தொலையடா! உங்களுக்கு மறதி இல்லை அண்ணை, நான் பொய் சொன்னனான், நீங்கள் நாளைக்கே போய் பஸ் ஓடலாம்... இவ்வளவுதானே? இதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? ட்ராம் ஒவ்வொரு தரிப்பிடமாக நின்று நின்று போனது. சனம் இறங்கிற்று, ஏறிற்று. என் மாமனார் என்ன நினைப்பார், துஷ்யந்தன் என்ன செய்வான், நீங்கள் எல்லாரும் வட்ஸ்அப்பில் என்ன எழுதுவீர்கள்... ஒரு மனிதரின் சோறு போயிருக்கிறது, நான் இதைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்!

"அண்ணை..." என்று வாயைத் திறந்தேன்.

அவர் என் கையின்மேல் தன் கையை வைத்தார். "கொஞ்சம் பொறும். எனக்கு உம்மோடை ஒண்டு கதைக்கவேணும் எண்டு கனநாளா மனதுக்கை கிடக்கு. என்ரை மறதியாலை உம்மடை ரீமை நான் கெடுத்துப்போட்டன். உமக்குத்தான் எல்லாரிட்டையும் கெட்ட பேர். நீர் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளும் தம்பி."

நான் அவரைப் பார்த்தேன்.

"அதெல்லாம் நான் எப்பவோ மன்னிச்சிட்டன் அண்ணை" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு நன்றி சொன்னார்.