நான் விட்டுவிட்ட எட்டுக் கட்டங்கள்

அந்தக் கோடை முகாமுக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. அழைப்பு என் மகளுக்குத்தான். அவளுக்குப் பத்து வயது, எனக்கு முப்பத்துநான்கு. வேலூரில் அவளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது மெட்ராஸில் இருக்கும் மிஸ், மே மாதத்தில் இரண்டு வாரம் பிள்ளைகளை ஜவ்வாது மலைக்கு அழைத்துப் போவதாகக் கடிதம் போட்டிருந்தார். விடுமுறையில் காலியாகக் கிடக்கும் ஒரு பள்ளி விடுதியில் தங்கல். பிள்ளைகள் நான்கு நான்கு பேராகச் சேர்ந்து வாசிப்பார்கள். தாங்களே சின்னதாக இசை எழுதுவார்கள். கடைசி நாள் மாலையில் அதை எல்லோர் முன்னும் வாசித்துக் காட்டுவார்கள். சேம்பர் மியூசிக் என்று எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே சேம்பர் எங்கள் தெரு வக்கீலுடையது.

கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலில் போர்வை, தட்டு, டம்ளர், டார்ச் எல்லாம் இருந்தன. அம்மா இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். மலையில் கரடி உண்டு என்று கேள்வி. தண்ணீர் எப்படியோ. காய்ச்சல் வந்தால் டாக்டருக்குத் திருப்பத்தூர்தான் இறங்க வேண்டும். மூன்றாம் நாள், "நானும் வருகிறேன், ஏதாவது வேலை கொடுங்கள்" என்று மிஸ்ஸுக்கு எழுதிவிட்டேன். தபாலில் போட்ட பிறகு, எழுதியிருக்கக் கூடாதோ என்று இருந்தது.

"நீ போனா கரடிங்கதான் பயப்படணும்" என்றார் என் கணவர்.

திருப்பத்தூரிலிருந்து இரண்டு ஜீப்புகளில் ஏறினோம். எட்டுப் பிள்ளைகள், மிஸ், நான், ஒரு செல்லோ. செல்லோ என்பது வயலினுக்குப் பெரியப்பா மாதிரி. காலுக்கிடையில் நிறுத்திவைத்துத்தான் வாசிக்க முடியும். அதற்கு டிரைவர் பக்கத்தில் முன்சீட்டு கிடைத்தது. எனக்குப் பின்னால் ஸ்டெப்னி டயர் கிடைத்தது. அடிவாரத்தில் ஒரு அம்மாள் கையில் பையோடு ஏறினார். முகாமுக்குச் சமையல் செய்யப்போகிறவர் அவர்தான். மலைக்காரர், சாமை விதைக்கிற குடும்பம். ஏறியதும் முன்சீட்டுக் கறுப்புப் பெட்டியை எட்டி விரலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னாடா இது, உள்ள ஆளு கீதா?"

"தூங்குறாங்க. எழுப்பாத" என்றார் டிரைவர்.

"யார் வூட்டு ஆளு?"

"மெட்ராஸ் ஆளு. சோறு கேக்காது, பயப்படாத."

பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், ஜீப் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிச் சக்கரத்துக்குப் பின்னால் கல்லை வைத்துவிட்டு, கேனில் தண்ணீர் தேடினார். அதுவரை என்ஜின் சத்தத்தில் கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். நான் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன். என் மகள் ஜன்னல் பக்கம் தலையை நீட்டி எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். தலையை உள்ளே இழுத்தேன். திரும்பவும் நீட்டினாள்.

முகாமில் நான் செய்த சேவைகளை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. எட்டுப் பிள்ளைகளின் நெற்றியையும் காலையும் மாலையும் தொட்டுப் பார்த்தேன். குடிதண்ணீரை ஒரு முறை கொதிக்கவைத்து, சந்தேகத்தில் இன்னொரு முறை கொதிக்கவைத்தேன். வாசிக்கும் அறையின் ஜன்னலில் நின்று, "முதுகை நேராக வை" என்று மகளுக்குச் சைகை காட்டினேன். மூன்றாம் நாள் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க கையெழுத்து ரொம்ப அழகுன்னு உங்க லெட்டர்லயே பார்த்தேன். எனக்கு ஒரு பெரிய உதவி செய்வீங்களா?"

ஜன்னலிலிருந்து என்னை நகர்த்துவதற்கான உதவி என்று புரிந்தது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வேலை இதுதான். பிள்ளைகள் எழுதும் இசையை நான்கு வாத்தியங்களுக்கும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பென்சிலில் எழுதிவைப்பார்கள். அதிலிருந்து ஒவ்வொரு வாத்தியத்தின் வரியையும் தனித்தனித் தாளில் மையால் பிரதி எடுக்க வேண்டும். வாசிக்கிறவர்களுக்கு முன்னால் அவரவர் தாள் மட்டுமே இருக்கும். மலையில் பிரதி எடுக்க இயந்திரம் ஏது? ஐந்து கோடு போட்ட தாள்களை மிஸ் மெட்ராஸிலிருந்து ஒரு கட்டு கொண்டுவந்திருந்தார். அது வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது.

எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. ஆனால் கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். பார்த்து எழுதுவதில் என்னை யாரும் குறைசொன்னதில்லை. உருண்டைகளுக்கு வால் போட்டேன், வால்களுக்குக் கொக்கி போட்டேன். நெடுக்குக் கோடுகளுக்கு நடுவில் வருகிற ஒவ்வொரு பகுதியையும் மிஸ் 'பார்' என்பார், நான் கட்டம் என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். முதல் பிள்ளையின் இசை சரியாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது என் மகளுடையது. தலைப்பில் 'ஜீப்' என்று எழுதியிருந்தாள்.

செல்லோவின் வரியில் பாதி தூரம் போனதும் வெறும் கட்டங்கள் வந்தன. ஒன்றல்ல, ஒரு வரிசை. ஒவ்வொன்றிலும் கோட்டிலிருந்து தொங்குகிற மாதிரி ஒரு சின்னக் கறுப்புத் துண்டு, அவ்வளவுதான். உருண்டை இல்லை, வால் இல்லை. நிரப்பாமல் விட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். நோட்டில் வெற்றுப் பக்கம் விட்டால் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டுப் பழகிய கை என்னுடையது.

கேட்டுவிடலாம் என்றுதான் எழுந்தேன். ஆனால் முந்தின நாள்தான் மகள், "அம்மா, எல்லார் முன்னாடியும் வந்து வந்து கேள்வி கேக்காத, ப்ளீஸ்" என்று சொல்லியிருந்தாள். உட்கார்ந்துவிட்டேன். வெற்றுக் கட்டங்களை விட்டுவிட்டு எழுதினால் செல்லோவுக்கு ஒரே தாள் போதும். அளவெடுத்தது போல் கச்சிதமாக வந்தது. அதோடு நின்றிருக்கலாம். தாள் குறைகிறதே என்று அவளுடைய பென்சில் பிரதியை ரப்பரால் சுத்தமாக அழித்து, அடுத்த பிள்ளையின் வயலின் வரியை அதன்மேலேயே எழுதினேன். எனக்கே என்னை மெச்சத் தோன்றியது.

கடைசி நாளுக்கு முந்தின நாள் காலை 'ஜீப்'பை முதல் தடவையாக வாசித்தார்கள். நான் ஜன்னலுக்குப் போகவில்லை. சமையலறையில் சாமையைக் களைந்துகொண்டே கேட்டேன். செல்லோ தடதடவென்று ஆரம்பித்தது. எனக்கே ஜீப்பில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பாதியில் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து நொறுங்கியது. மறுபடி ஆரம்பித்தார்கள். அதே இடத்தில் மறுபடி நொறுங்கியது. மூன்றாம் தடவை, "நான் பேப்பர்ல இருக்கறததான் வாசிக்கறேன்!" என்று செல்லோ வாசித்த மெட்ராஸ் பெண் கத்தினாள்.

பிறகு மிஸ்ஸின் குரல் நிதானமாகக் கேட்டது. "செல்லோ வரி எட்டு பார் குறையுது. நீ எண்ணாம எழுதியிருக்க, கண்ணா. எழுதறவங்கதான் எண்ணணும். இன்னும் ஒரு நாள்தான் இருக்கு. இத அடுத்த வருஷம் பார்த்துக்கலாம், சரியா?"

"எண்ணினேன் மிஸ்."

"உன் பென்சில் காப்பி எங்க?"

சாமை கழுவிய தண்ணீரில் என் கை அப்படியே நின்றது.

சமையல்கார அம்மாள் என்னைப் பார்த்தார். "இன்னா டீச்சரம்மா, மூஞ்சி இப்டி வெளுத்துப் போச்சி?"

சொன்னேன். வெற்றுக் கட்டங்களை, தாளை, ரப்பரை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாதிதான் கேட்டார்.

"அப்ப தப்பு உன்து. திட்டு பாப்பாக்கு."

"ஆமா."

"அப்றம் ஏன் இங்க குந்திகினு கீற?"

"சாயங்காலம் சொல்லலாம்னு..."

"சாயங்காலம் சொன்னா மட்டும் மிஸ்ஸு லட்டு குடுக்குமா? போ, போய்ட்டு வா. சாமைய நான் பாத்துக்கறன். நீ களைஞ்சா பாதி தண்ணியோட போவுது."

மிஸ் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். ஒன்றும் இல்லாத கட்டங்கள் என்று நினைத்தேன், அதனால் விட்டேன் என்றேன். அவர் ஒரு சுளையை வாயில் போட்டு மெதுவாக மென்றார்.

"அது ஒண்ணும் இல்லாதது இல்லைங்க. அங்க செல்லோ சும்மா இருக்கணும், மத்தவங்க வாசிக்கணும். சும்மா இருக்கறதயும் எழுதித்தான் வைக்கணும்."

"என்னை மன்னிச்சிடுங்க மிஸ்."

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க? அது நான் எழுதினதா?"

பத்து வயதுப் பிள்ளையிடம் அம்மா மன்னிப்புக் கேட்பது எங்கள் வீட்டில் நடந்ததில்லை. அது அவளைக் கெடுத்துவிடுமோ, கேட்காமல் இருந்தால் இன்னும் கெடுத்துவிடுமோ என்று அறைக்குப் போகிற இருபது அடிக்குள் நாலு தடவை மனம் மாறினேன். நான்கு பிள்ளைகளும் அங்கேயே இருந்தார்கள். மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எல்லோர் முன்னாலும்தான் சொல்ல வேண்டியிருந்தது, திட்டும் எல்லோர் முன்னாலும்தானே விழுந்தது.

"இவ சரியாத்தான் எண்ணினா. நான்தான் எட்டுக் கட்டத்த விட்டுட்டேன்" என்றேன். "சாரி."

அவள் திரும்பினாள். "என் பென்சில் காப்பி?"

"அழிச்சிட்டேன்."

"அம்மா!" என்றாள். அந்த ஒரு சொல்லை அவ்வளவு நீளமாக நான் கேட்டதே இல்லை. "அங்கதான் ஜீப் நின்னு போகும்! ஜீப் நின்னாத்தானே பறவை கேக்கும்? நீ ஜீப்ப நிறுத்தாமலே ஓட்டிட்ட!"

செல்லோக்காரப் பெண் சிரித்துவிட்டாள். பிறகு மற்ற இருவரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை.

பின்னாலேயே வந்திருந்த மிஸ், தாளில் நான் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, அந்த நெடுக்குக் கோட்டின்மேல் விரலை வைத்தார். அதற்குப் பக்கத்தில் அரை அங்குலம் வெள்ளை இருந்தது. அங்கே தடித்த குறுக்குக் கோடு ஒன்று போட்டு, மேலே 8 என்று எழுதினால் போதுமாம். எட்டுக் கட்டமும் அந்த அரை அங்குலத்தில் அடங்கிவிடுமாம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எவ்வளவு தாள் மிச்சமாகியிருக்கும் என்று தோன்றியது.  பேனாவை எடுத்தேன்.

"தள்ளு. நானே எழுதறேன்" என்று மகள் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மாலை, வெயில் சாய்வதற்குள், விடுதித் தாழ்வாரத்தில் வாசித்தார்கள். கீழேயிருந்து சில பெற்றோர் வந்திருந்தார்கள். ஜீப் டிரைவரும், சமையல்கார அம்மாளும் அவர் வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். 'ஜீப்' நான்காவதாக வந்தது. செல்லோ தடதடத்தது, இருமியது, நின்றது. வயலின்கள் மட்டும் மேலே ஏதோ கிறீச்சிட்டன. நான் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன்.

மூன்றில் இருக்கும்போது சமையல்கார அம்மாள் சத்தமாகவே கேட்டார். "ஏம்மா பெரிய பொண்ணு, எல்லாம் வாசிக்குது, நீ ஏன் சும்மா கீற?"

"அக்கா, வண்டி நின்னுச்சி, தெரியல? தண்ணி ஊத்தணும், இரு" என்றார் டிரைவர். 'ஜீப்' எதைப் பற்றியது என்று அவருக்கு யாரும் முன்னால் சொல்லியிருக்கவில்லை.

கூட்டம் சிரித்தது. செல்லோக்காரப் பெண்ணின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. என் கணக்கு குழம்பிப்போய், ஏழா எட்டா என்று தெரியாமல், போச்சு, விட்டுவிட்டாள், நேரம் தாண்டிவிட்டது என்றே முடிவுகட்டிவிட்டேன். அப்போதுதான் அவள் வில்லை வைத்தாள். நான்கு பேரும் ஒன்றாக வளைவில் ஏறினார்கள். ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை. கடைசி வரை ஓட்டிக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

கைதட்டல் அடங்குவதற்குள் மகள் வயலினோடு நேராக என்னிடம் வந்தாள். வியர்த்திருந்தது. நெற்றியைத் தொடப் போன கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"எண்ணினியா?"

"எண்ணினேன்."

"எத்தனை வந்துச்சு?"

"ஒன்பது" என்றேன்.

 அவள் என் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அடுத்தது அந்த நாலு பேரோடது. அதுலயும் ரெஸ்ட் வரும், சும்மா இருக்கற கட்டம்" என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நான் தட்டறேன். நீ மனசுக்குள்ள எண்ணு. வாய்விட்டு எண்ணாத."

அடுத்த நால்வர் வில்லைத் தூக்கினார்கள். நான் வாயை மூடிக்கொண்டு எண்ணத் தொடங்கினேன்.