பதினாறு ஒலிகளுக்கு ஒரு பஞ்சநாமா

அமெரிக்காவில் வேலை போன பிறகு என் மகன் இரண்டு பெட்டிகளோடு திருப்பதிக்குத் திரும்பினான். ஒன்றில் துணிமணி. இன்னொன்றில் ஓர் இயந்திரம். விமான நிலையத்தில் அது என்னவென்று கேட்ட சுங்க அதிகாரியிடம் 'வாத்தியம்' என்றானாம். அவர் தட்டிப் பார்த்து, சத்தம் எதுவும் வராததால் விட்டுவிட்டாராம்.

பார்க்க இட்லித் தட்டு போல இருந்தது. பதினாறு ரப்பர் கட்டங்கள். மைக்கில் எந்தச் சத்தத்தையாவது இரண்டு வினாடி பதிந்து ஒரு கட்டத்தில் வைத்தால், நிறுத்தச் சொல்லும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லும். ரெவின்யூ துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவனுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. வியப்பு, ஓரத்தில் இருந்த சிவப்புப் பொத்தானில்தான். அதை அழுத்தினால் பதினாறில் எது ஒலிக்க வேண்டும், எவ்வளவு வேகத்தில், நேராகவா தலைகீழாகவா என்பதையெல்லாம் இயந்திரமே தன்னிஷ்டப்படி முடிவு செய்யும். மேலதிகாரி ஒப்புதல் கிடையாது.

"அப்போ நீ எதுக்குடா?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணு தரும் நைனா. நா அதுக்குப் பதில் வாசிக்கணும்."

"அது என்னா தரும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாம எப்டிடா பதில் சொல்லுவே?"

"நீங்க ஆபீஸ்ல அதத்தான பண்ணிக்கினு இருந்தீங்க?" என்றாள் சமையலறையிலிருந்து என் மனைவி.

ஒரு வாரத்துக்குள் எங்கள் குக்கர், பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு, தேங்காய் துருவும் ஓசை எல்லாம் கட்டங்களுக்குள் போய்விட்டன. நான்காம் கட்டத்தில் இருந்தது என் இருமல். அதைத் தலைகீழாக ஓடவிட்டபோது அவன் சிரித்தான். ஊர் திரும்பி நான்கு மாதத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். மற்ற நேரங்களில் ஒரு நாளைக்கு இரண்டு வாக்கியம், அதில் ஒன்று 'சோறு போதும்'.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். ஐரோப்பாவில் இந்த மாதிரி வாசிப்பைக் கற்றுத்தரும் ஒரு பள்ளிக்கு விண்ணப்பித்திருக்கிறான். பொதுமக்கள் முன்னால் வாசித்த ஒலிப்பதிவும், வாசித்ததற்கு யாராவது ஒருவர் தரும் சான்றும் கேட்டிருக்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமை கூரியரில் போட்டால்தான் கெடுவுக்குள் போய்ச் சேரும்.

"இது கெடைக்கலன்னா ஐதராபாத் போய்ட்றேன் நைனா. எதுனா ஒரு கம்பெனில ஒக்காந்துக்கறேன்."

நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஐதராபாத் என்றால் மாதச் சம்பளம், ஒரு ராத்திரிப் பஸ் தூரம். ஆனால் 'ஒக்காந்துக்கறேன்' என்று அவன் சொன்ன குரலை நான் அறிவேன். கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்கள் அலுவலகப் படியில் அமரும்போது வரும் குரல் அது.

பள்ளி 'யாராவது ஒருவர்' என்றுதான் எழுதியிருந்தது. யாராவது ஒருவர் என்றால் கெஜட்டட் அதிகாரி என்பது தெரியாதவனா நான்?

முதலில் மேடை கேட்டுத் திருப்பதியிலேயே ஒரு சபாவின் காரியதரிசியிடம் போனோம். கோயில் கைங்கரியக் குடும்பத்தைச் சேர்ந்த பெரியவர், காபி கொடுத்து உபசரித்தார்.

"உருப்படிகளோட லிஸ்ட் கொடுங்கோ. ராகம், தாளம் போட்டு."

வாசிக்கிற வரைக்கும் என்ன வாசிப்பேன் என்று தனக்கே தெரியாது என்றான் என் மகன்.

"தெரியாமயே வாசிக்கறவா நம்ம சபாலயும் நெறைய பேர் இருக்கா. ஆனா அவாளும் லிஸ்ட் கொடுத்துடுவா."

மறுநாள் அனுமதியும் சான்றும் கேட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு மண்டல அலுவலகத்துக்குப் போனோம். எந்த மண்டலம் என்பது வேண்டாம். அங்கே மண்டல அதிகாரியாக இருந்தவர் ஒரு காலத்தில் என்னிடம் இளநிலை உதவியாளராக இருந்தவர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நிகழ்ச்சி அனுமதி விண்ணப்பத்தின் ஏழாவது பத்தியைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"சார், 'நிகழ்த்தப்படும் உருப்படிகள்'னு கீது. காலியா வுட்டா நா எப்டி சார் சைன் போட்றது? மீரே கதா நேர்ப்பிஞ்சாரு!"

நான்தானே கற்றுக்கொடுத்தேன் என்கிறார். உண்மைதான். காலிப் பத்தியோடு வரும் காகிதத்தைத் திருப்பி அனுப்பு என்று அவருக்குச் சொன்னவன் நானே.

வெளியே மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வழி கிடைத்தது. எது வரும் என்று முன்கூட்டியே தெரியாத காரியத்தை அரசாங்கம் செய்யாது என்று நினைப்பவர்கள், இலவச வீட்டுமனைக் குலுக்கலைப் பார்த்ததில்லை. அதற்கு ஒரு முறை உண்டு. பெட்டி காலி என்று ஜனங்களுக்குக் காட்ட வேண்டும். எடுக்கும் எண்ணை மூன்று முறை உரக்கப் படிக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட, ஒவ்வோர் எண்ணுக்கும் முத்திரை குத்த வேண்டும். முடிவில் ஆட்சேபணை உண்டா என்று மூன்று தரம் கேட்டு, இல்லையென்றால், நடந்ததையெல்லாம் சாட்சிகளோடு வரிசையாகப் பதிந்த பஞ்சநாமாவில் அதிகாரி கையெழுத்திட வேண்டும். திரும்பிப் போய் ஏழாவது பத்தியில் எழுதினேன்: 'குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படும் பதினாறு ஒலிகள். பஞ்சநாமா பின்னர் இணைக்கப்படும்.'

மண்டல அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். "சார், நீங்க ரிட்டையர் ஆயிருக்கவே கூடாது சார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, புத்தலப்பட்டு போகும் வழியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நிகழ்ச்சி என்று முடிவாயிற்று. குலுக்கல் என்றால் பொது அறிவிப்பு ஒட்டியாக வேண்டும். மனைக் குலுக்கலின் அச்சடித்த படிவத்தையே வாங்கி, 'வீட்டுமனைகள்' என்று இருந்த இடங்களில் அடித்துவிட்டு 'ஒலிகள்' என்று எழுதிக் கொடுத்தேன். என் சேவைக் காலத்தில் ஒரு படிவத்தில்கூட அடிக்க வேண்டியதை அடிக்காமல் விட்டதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இப்போது சொல்வதில்லை.

ஞாயிறு காலை, என் ஓய்வூதியச் சிநேகிதர்கள் இருபது பேர் வந்தால் அதிகம் என்று நினைத்துப் போனேன். பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து புளியமரம் வரை ஜனம். எப்படியும் இருநூறு பேர். யாரும் சொல்லாமலே வரிசையில் நின்றார்கள். சங்கீதத்துக்கு இவ்வளவு ஒழுங்கான கூட்டமா என்று மனம் பூரித்தது. வரிசையில் முதலாவதாக நின்ற பெண்மணி பேசும்வரை அந்தப் பூரிப்பு நீடித்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும். பிளாஸ்டிக் கவரில் ரேஷன் கார்டும் இரண்டு போட்டோவும் வைத்திருந்தாள்.

"இன்னா சார், பதினாறுதானா? எங்க காலனில மட்டும் நாப்பது குடும்பம் கீது. மனை எந்தப் பக்கம் குடுக்கறீங்க? ஏரிக்கரைன்னா வாணாம், மழ வந்தா முழங்கா தண்ணி."

"மனை இல்லம்மா. சங்கீதம்."

"சங்கீதத்துக்கு எதுக்குய்யா ரேசன் கார்டு?"

சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைத் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரி அடிபடாமல் இருந்தது: 'பயனாளிகள் ரேஷன் கார்டு மற்றும் புகைப்படத்துடன் நேரில் ஆஜராக வேண்டும்.'

மண்டல அதிகாரி என் காதருகே வந்தார். "சார், கேன்சல் பண்ணிடலாமா? ஜனம் எகிறினா கலெக்டர் வரைக்கும் போயிடும்." நிறுத்தினால் சான்று கிடையாது. மறுநாள் திங்கட்கிழமை.

மேசைமேல் இயந்திரத்தை இணைத்துக்கொண்டிருந்த என் மகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். ஒயர்களைப் பிடுங்க ஆரம்பித்தான்.

"வாணாம் நைனா. இவங்கள ஏமாத்திகினு நா எங்கியும் போவத் தேவையில்ல."

நான் மைக்கை எடுத்தேன். இன்று மனை கிடையாது, தவறு என்னுடையது, நான் அடிக்க மறந்த ஒரு வரி, போக விரும்புகிறவர்கள் போகலாம், இருப்பவர்களுக்கு நிகழ்ச்சி முடிந்ததும் மனைக்கான மனுவை நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன் என்றேன். யாரும் அசையவில்லை. என் பேச்சின் வன்மை என்று நினைத்தேன்.

"ஒரு மணிக்குத்தான்யா பஸ்ஸு. எங்க போறது?" என்றாள் அந்தப் பெண்மணி. "வந்தது வந்துட்டோம், இன்னாத்தயோ காட்டு."

முறைப்படி இயந்திரத்தைத் தூக்கி நாலு பக்கமும் காட்டச் சொன்னார் மண்டல அதிகாரி. உள்ளே யாரும் எதையும் ஒளித்து வைக்கவில்லை என்பதற்காக என் மகன் அதைக் கவிழ்த்தும் காட்டினான். பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்தினான். நான்காம் கட்டத்தில் விளக்கு எரிந்தது. என் இருமல், எருமை பெருமூச்சு விடுவது போல மிக மெதுவாக, இருநூறு பேருக்கு முன்னால் வெளிவந்தது.

"நாலு!" என்றார் மண்டல அதிகாரி. "நாலு! நாலு!" இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். முத்திரை 'டப்' என்று விழுந்தது.

மைக் திறந்துதான் இருந்தது. என் மகன் அந்த 'நாலு'வையும் 'டப்'பையும் பிடித்துச் சுழலவிட்டான். அதற்குமேல் என் இருமல், அதற்குமேல் குக்கர். அடுத்த எண் பதினொன்று. அதற்கும் மூன்று முறை, அதற்கும் ஒரு டப். ஐந்தாவது எண் வந்தபோது மண்டல அதிகாரி முத்திரையை உடனே குத்தாமல், கையை ஓங்கியபடி சரியான இடத்துக்குக் காத்திருந்து குத்தினார். அவருக்குத் தான் செய்வது தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் இங்க் பேட் காய்ந்துவிட்டது என்றிருப்பார்.

ஒன்பதாவது எண்ணில் அந்தப் பெண்மணி எழுந்து கத்தினாள்: "அப்போ எங்களுக்கு ஒண்ணும் இல்லியா?"

அதுவும் மைக்கில் விழுந்தது. சிவப்புப் பொத்தான் அதை எடுத்தது. 'எங்களுக்கு ஒண்ணும் இல்லியா' என்று வேகமாகச் சொன்னது, இழுத்துச் சொன்னது, தலைகீழாகச் சொன்னது, 'இல்லியா இல்லியா இல்லியா' என்று மட்டும் சொன்னது. முதலில் சிரித்தார்கள். பிறகு இயந்திரம் ஒரு தரம் சொன்னால் இருநூறு பேரும் ஒரு தரம் திருப்பிச் சொன்னார்கள். என் மகன் கண்ணை மூடிக்கொண்டு, அது தருவதற்கும் இவர்கள் தருவதற்கும் சேர்த்துப் பதில் வாசித்துக்கொண்டிருந்தான். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் பதில் வருவதற்கும் வராததற்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

பதினாறும் முடிந்தது. சத்தம் நின்றது. மண்டல அதிகாரி எழுந்து, ஆட்சேபணை உண்டா என்று ஒருமுறை கேட்டார். இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது அவள் கையைத் தூக்கினாள்.

"எனுக்குக் கீது. எங்கொரல அவுரு எடுத்துகினாரு. என்னயக் கேக்கல."

பேனா மேசைமேல் விழுந்தது. ஆட்சேபணை வந்தால் ஏழு நாள் விசாரணை. விதி அது. அந்த முறையைக் கொண்டுவந்தவனும் நான். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விதியைக் கெட்ட வார்த்தையில் நினைத்தேன்.

"அழிச்சிட்றேம்மா" என்றான் என் மகன். விரல் பொத்தான்மேல் இருந்தது. அவள் குரல் பதிவு முழுக்கக் கலந்திருந்தது, அதை அழித்தால் பதிவே போய்விடும். அவனுக்கும் தெரியும்.

"அழிக்கிறியா? எதுக்கு அழிக்கிற?" அவள் மேசைக்கு வந்துவிட்டாள். "நா சொன்னத இதுவரைக்கும் எந்த ஆபீசுலயாச்சும் ரெண்டு வாட்டி கேட்டுகிறாங்களா? இது நாப்பது வாட்டி சொல்லுது. இருக்கட்டும் அது."

"அப்போ உனக்கு என்னம்மா வேணும்?" என்றேன்.

"எம் மனுவுக்கும் அதே மாதிரி டப்புனு ஒண்ணு குத்தணும். மூணு வாட்டி குடுத்துட்டேன். வச்சிட்டுப் போ, வச்சிட்டுப் போன்றாங்க. ஒருத்தரும் குத்தல."

மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். குத்தாவிட்டால் அப்படி ஒரு மனு வரவே இல்லை. அதையும் அந்த மண்டல அதிகாரிக்குச் சொல்லிக்கொடுத்தவன் யார் என்று அவர் அப்போது என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது. காகிதம் எடுத்து அவள் மனுவை எழுதினேன். அவர் குத்தினார். அவள் ஆட்சேபணையைத் திரும்பப் பெறுவதாகப் பெருவிரல் ரேகை வைத்தாள்.

அவளுக்குப் பின்னால் வரிசை தானாக நின்றது. ஒரு மணி பஸ் வரும்வரை நான் எழுதினேன், அவர் குத்தினார். நாற்பத்தொரு மனு. என் மகன் இயந்திரத்தை நிறுத்தவில்லை. ஒவ்வொரு டப்புக்கும் ஏதோ ஒன்று பதிலாக வந்துகொண்டிருந்தது. கடைசியில் மண்டல அதிகாரி பஞ்சநாமாவிலும் சான்றிலும் கையெழுத்திட்டு, சட்டையில் மையைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். திங்கட்கிழமை காலை எல்லாவற்றையும் கூரியரில் போட்டோம்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. என் மகன் நின்றுகொண்டே படித்தான். அவனுடைய வாசிப்பைப் பற்றி நான்கு வரி. எண், நேரம், சாட்சி, முத்திரை என்று வரிசையாக எழுதிய அந்த அரிய இசைக்குறிப்பை இயற்றியவர் யார் என்று விசாரித்து ஒரு முழுப் பத்தி. பஞ்சநாமாவைச் சொல்கிறார்கள்.

"கெடச்சிதா இல்லியா, அத்தச் சொல்லு மொதல்ல" என்றாள் என் மனைவி.

"கெடச்சிருச்சும்மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான், ஆனால் உட்காரவில்லை, அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தான்.

நான் கடிதத்தை வாங்கி இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். பதினொரு இணைப்புகள் கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் மூன்று நகல், ஒவ்வொரு நகலிலும் அத்தாட்சி ஒப்பம். அந்த நாட்டின் மீது எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு ஜெராக்ஸ் எடுக்கப் போனேன்.