மகன் என்றொரு ஃபோல்டர்

அழித்தது

‘மகன்’ ஃபோல்டரை அழித்துவிட்டு, பென் டிரைவை உருவி மறுபடி செருகினேன். ஃபோல்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. அழிந்த கோப்புகளை மீட்டுத் தரும் எங்கள் தொழிலில் போனதை வரவழைக்கத்தான் ஆட்கள் வருவார்கள். இருப்பதைப் போகச் சொல்லி வருபவர் அபூர்வம்.

வந்திருந்தவர் மைக் செட் செல்வராசு அண்ணன். கோடியக்கரையில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவர் செட்தான். ஒப்பாரிகளை அந்த பென் டிரைவில் உறவு வாரியாகப் பிரித்து வைத்திருப்பார்: அப்பா, அம்மா, புருஷன், மகன். யார் தவறியது என்று போனிலேயே கேட்டுக்கொண்டுதான் வண்டியை எடுப்பார். முந்தின நாள் ஒரு பெரியவர் சாவில் ‘அப்பா’வைத் தட்டியிருக்கிறார். சத்தம் வரவில்லை. பாட்டுப் பெட்டி தானாகவே ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய் ‘மகன்’ பாட ஆரம்பித்திருக்கிறது. செல்வராசு அண்ணனின் மகன் குமார் அப்போது கடலில் இருந்தான். மறுநாள் காலையில் மற்ற படகுகள் கரை சேர்ந்துவிட்டன. அவன் போன படகு மட்டும் வரவில்லை. கரையில் நின்று என்ன செய்வது என்று வேதாரண்யத்துக்கு, என் கடைக்கு வந்துவிட்டார்.

உங்களுக்கும் இது நடந்திருக்கும். பென் டிரைவுக்குள் இருக்கும் சில்லு தேய்ந்தால், எழுத விடாமல் தன்னைப் பூட்டிக்கொள்ளும். அழிப்பதும் ஒருவகை எழுத்துதான். திரையில் அழிந்த மாதிரி இருக்கும், உருவிச் செருகினால் பழையபடி வந்து நிற்கும். இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

“காரணம் இருக்கட்டும் தம்பி. அது போவணும்.”

படித்தது

மற்ற ஃபோல்டர்களைத் திறந்தால் என் கணினியில் ஓடும் லினக்ஸ் படிக்க முடியவில்லை என்று வரிவரியாகப் பிழை காட்டியது. ‘மகன்’ மட்டும் ஓரிடத்திலும் தடுக்கவில்லை. அடிக்கடி அழித்து எழுதிய இடம் தேயும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் புதுப்புதுப் பாட்டாக மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். மகனுக்கு ஒருமுறை போட்டதோடு சரி. ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தபிறகு நிறுத்திக்கொண்டேன்.

சோதித்துப் பார்க்க அந்தக் கோப்பைத் திறந்தபோது, ஸ்பீக்கர் இணைப்பில் இருந்ததைக் கவனிக்கவில்லை. நல்ல வெயிலில், கடை நிறைய ஒரு பெண் குரல் எழுந்தது. நிறுத்தும்படி கொடுத்த கட்டளையை இயந்திரம் வாங்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன். பக்கத்து டீக்கடைக்காரர் தோளில் துண்டோடு வாசலில் வந்து நின்று, செல்வராசு அண்ணனைப் பார்த்துக் கேட்டார்:

“யாரு தவறுனதுங்க?”

எடுத்தது

படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து அவற்றை மெல்ல மெல்லப் படித்தெடுக்கும் ஒரு நிரல் இருக்கிறது. அதை ஓட விட்டேன். செல்வராசு அண்ணனின் மனைவி போனில் கூப்பிட்டார். படகைப் பற்றிப் பேச்சில்லை. அழிந்துவிட்டதா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார்.

அப்பா வந்தது, அம்மா வந்தது, புருஷன் பாதி வந்தபோது மறுபடி போன் அடித்தது. குமார். இன்ஜின் நின்றுபோய், இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறது. அண்ணன் அவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார். டீசலைப் பார்த்து ஊற்றத் தெரியாதா என்று திட்டினார். போனை மேசைமேல் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

புருஷனும் வந்து முடிந்ததும் புது பென் டிரைவைச் செருகினேன். மூன்று ஃபோல்டர்களை ஏற்றிவிட்டு, இது போதும்தானே என்றேன். திரையில் ‘மகன்’ மேல் விரலை வைத்தார்.

“அதையும் போடுங்க தம்பி. யார் வீட்டுக்காவது வேணும்ல.”

படிப்பதில் பிழை, எழுதுவதில் பிழை, இந்த இரண்டுக்குத்தான் என் கடையில் வைத்தியம் உண்டு. ‘மகன்’ ஏறத் தொடங்கியதும் அவர் மேசைமேல் கிடந்த தன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், வெயிலில் நின்றார்.