கொட்டிலில் வெந்த வான்கோழி

பெற்றோல் மணமும் இறைச்சி மணமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால் எப்படியிருக்கும் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, எனக்கு இரண்டு தடவை தெரியும். இரண்டாவது தடவை இந்தக் கிறிஸ்மஸ் காலை. கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுப் பின்வளவின் ஈரப் புல்லில் செருப்புப் புதையப் புதைய நடந்துபோய் மரக்கொட்டிலின் கதவைத் திறந்தேன். புல்வெட்டும் மெஷினில் மிஞ்சிக் கிடந்த பெற்றோலின் மணம் முதலில் வந்தது. அதன் தோளில் ஏறிக்கொண்டு வெண்ணெய், உள்ளி, தைம் இலை, மெல்ல வேகிற கொழுப்பு. பழைய பெயின்ற் வாளிகளுக்கும் காற்றுப்போன சைக்கிளுக்கும் நடுவில், கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் பெட்டியின் மேல், வீட்டுக்குள்ளிருந்து இழுத்து வந்த நீட்டு வயரின் முனையில், ஸ்லோ குக்கர் ஒன்று இருந்தது. அதன் கண்ணாடி மூடிக்குள்ளே இரண்டு கிலோ வான்கோழி நெஞ்சிறைச்சி வியர்த்துக்கொண்டு கிடந்தது. அதற்கு ஓர் அவசரமும் இல்லை. அவசரமெல்லாம் எனக்குத்தான்.

ஏன் கொட்டிலுக்குள் என்று கேட்பீர்கள். இந்த வருஷம் கிறிஸ்மஸும் திருவெம்பாவையின் முதல் நாளும் ஒரே நாளில் வந்து விழுந்தன. மார்கழியின் அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டில் மச்சம் கிடையாது; மீனில்லை, இறைச்சியில்லை, முட்டையுமில்லை. ஊரில் மச்சத்துக்கு வேறு சட்டி, சைவத்துக்கு வேறு சட்டி வைத்திருந்த வீட்டில் பிறந்தவள் என் மனைவி சாந்தி. விருந்தாளிக்கு வான்கோழி சமைக்கப்போகிறேன் என்று நான் அறிவித்த அன்றே அவள் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

“இஞ்சருங்கோ, வாற சனம் சாப்பிடுறதை நான் மறிக்கேல்லை. ஆனா என்ர அடுப்படிக்குள்ள மச்சம் ஏலாது. கேக் சுடுற அவனுக்குள்ளயும் ஏலாது.”

“அப்ப நான் எங்கை வைச்சு அவிக்கிறது? ரோட்டிலயோ?”

“அது உங்கட பாடு.”

அப்படித்தான் ஸ்லோ குக்கர் வந்தது. வயர் எட்டுகிற இடமெல்லாம் அதற்கு அடுப்படிதான்.

விருந்தாளி யார் என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒரே மகள் அபி, டொம் என்ற வெள்ளைக்காரப் பெடியனைக் கட்டப்போகிறாள். டொம்முடைய தகப்பன் டெரிக். கெண்ட் பக்கம் நாற்பது வருஷம் இறைச்சிக்கடை நடத்தி, கடையை விற்று, மனைவியையும் பறிகொடுத்துத் தனியே இருக்கிற மனுசன். போன கோடையில் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆட்டிறைச்சிக் கறி, நண்டுக் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல் என்று மேசையை நிறைத்து வைத்தோம். காரத்தைக் குறைத்துத்தான் வைத்தோம் என்று இன்றும் சத்தியம் செய்வேன். மனுசன் ஒரு வாய் வைத்தார். கழுத்திலிருந்து நெற்றிவரை சிவப்பு ஏறியது. மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தார். “மிகவும் சுவையாக இருக்கிறது” என்றார். கரண்டியைக் கீழே வைத்தவர் பிறகு எடுக்கவேயில்லை. அந்த வார்த்தையை நம்பி நான் இரண்டு நாள் மிதந்தேன். மூன்றாம் நாள் அபி போனில் சொன்னாள்: “அப்பா, அவர் போற வழியில கடையில நிப்பாட்டி பேர்கர் சாப்பிட்டவராம். டொம் இப்பதான் சொன்னவன்.”

எங்கள் வீட்டிலிருந்து ஒரு மனுசன் பசியோடு போயிருக்கிறான். ஷெல்லடிக்குள்ளும், இடம்பெயர்ந்து கிடந்த பள்ளிக்கூடத்துக்குள்ளும் வந்தவனுக்கு அரைப் பாணாவது கொடுத்து அனுப்பிய சாதிசனம் நாங்கள். இங்கே ஃபிரிட்ஜ் நிறையச் சாமான் வைத்துக்கொண்டு, மகளின் மாமனாரைத் தண்ணீர் குடிக்கவைத்து அனுப்பியிருக்கிறோம். அந்த அவமானம் பல்லிடுக்கில் சிக்கிய நார்போல ஐந்து மாதம் என்னோடு இருந்தது. அவர் இந்தத் தடவை வயிறு நிறைந்து எழும்பவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அபிக்கு என்மேல் நம்பிக்கையில்லை. அவளைக் குறைசொல்லவும் முடியாது. வான்கோழிக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு, அந்த முதலாவது பெற்றோல் மணம் அங்கேதான். லண்டனுக்கு வந்த முதல் மாரியில், ரூட்டிங்கில் ஒரு வீட்டின் இரண்டு அறைகளில் நாங்கள் ஏழு பெடியள். எனக்குப் பெற்றோல் நிலையத்தில் வேலை. கிறிஸ்மஸுக்கு முதல்நாள் முதலாளி ஆளுக்கொரு உறைந்த வான்கோழி கொடுத்தார். கல்லுப்போல இருந்த அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். உருகுவதற்கு வீட்டில் ஓரிடமும் போதவில்லை, குளியல் தொட்டிக்குள் போட்டோம். “டேய், உவர் எப்ப குளிச்சு முடிப்பார்? எனக்கு வேலைக்கு நேரமாச்சு” என்று ஒருத்தன் கதவில் தட்டினான். பிறகு சைக்கிள் செயின் கழற்றிப் பழகிய கையால் ஏழு பேரும் அதைத் துண்டுபோட்டு, எட்டுக் கரண்டி கறித்தூள் கொட்டிக் கிளறினோம், கிளறினோம், கிளறிக்கொண்டே இருந்தோம். என் உடுப்பின் பெற்றோலும் அந்த ஆவியும் ஒன்றாகி அறை முழுக்க நின்றது. வாயில் வைத்தால் கயிறு. நாங்கள் அந்தக் கயிற்றைச் சிரித்துச் சிரித்துத் தின்றோம். அன்றோடு முடிவுகட்டினேன்: இந்த நாட்டின் கோழி எங்கள் கைக்கு மசியாது.

இப்போது புரிகிறது, கோழியில் பிழையில்லை. எங்கள் கை சும்மா இருக்காது. எங்கள் சமையல் கரண்டியின் சமையல். திறப்போம், கிளறுவோம், உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்போம், ஒரு கிள்ளு உப்புப் போடுவோம், மூடுவோம், மனம் கேளாமல் மறுபடி திறப்போம். ஸ்லோ குக்கருக்கு இது பிடிக்காது. “அப்பா, மூடியைத் திறக்கக்கூடாது. ஒருக்காத் திறந்தா அரை மணித்தியாலம் பின்னுக்குப் போகும். அண்ட் நோ கறித்தூள். ப்ராமிஸ் பண்ணுங்கோ” என்று அபி சொல்லியிருந்தாள். பண்ணினேன். மஞ்சள் போட்டுக் கழுவப்போன கையையும் பாதி வழியில் மறித்தேன். அடியில் வெங்காயமும் கரட்டும் பரப்பி, வெண்ணெயில் உள்ளியும் மிளகும் தைமும் குழைத்துத் தோலுக்கு அடியில் பூசி, விடிய ஏழு மணிக்கு மூடினேன். அதற்குப் பிறகு ஒன்பது தடவை கொட்டிலுக்குப் போனேன். ஒன்பது தடவையும் கை மூடிக்கு நீண்டது. ஒன்பது தடவையும் கையைக் கோட் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு, மூக்கை மட்டும் முன்னுக்கு நீட்டிக்கொண்டு நின்றேன். ரயில்வேயில் வேலை செய்கிற எனக்கு வருஷத்தில் ரயில் ஓடாத ஒரே நாள் அது. அந்த நாளை ஒரு கண்ணாடி மூடிக்குக் காவல் நின்று கழித்தேன்.

உப்புத்தான் பெரிய பயம். விரதக்காரன் ருசி பார்க்க முடியாது. ஆனால் அதே விடியலில் சாந்தி அடுப்படியில் சாமிக்குப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். படைக்கும் முன் நாக்கில் படக்கூடாது என்பதால் அவளும் ருசி பார்க்கவில்லை. ஏலக்காய் எப்போது போதும், சர்க்கரை எப்போது போதும் என்று அவள் கண்ணும் மூக்கும் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த வித்தையை நானும் பார்த்துத்தான் வளர்ந்தேன். உள்ளங்கைக் குழியில் உப்பை எடுத்தேன், கண்ணால் நிறுத்தேன், போட்டேன். அன்று அந்த வான்கோழியை நான் ஒரு படையலாகத்தான் சமைத்தேன். கடவுள் கெண்டிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தார்.

அபி முன்னதாகவே அவளுடைய பிளாற்றிலிருந்து வந்துவிட்டாள். கையில் ஒரு குளிர்ப்பை.

“அது என்ன பிள்ளை?”

“ஒண்டுமில்லை.”

“ஒண்டுமில்லாததை ஏன் ரெண்டு கையால தூக்கிறாய்?”

“அப்பா, ப்ளீஸ் கோவிக்காதேங்கோ. கடையில சமைச்சு வைச்ச டேர்க்கி. ஜஸ்ட் இன் கேஸ்.”

நான் கோபிக்கவில்லை. கோபிக்கக்கூட நேரமில்லை. பன்னிரண்டரைக்கு மூடியைத் திறந்து, சூடு பார்க்கும் ஊசியைக் குத்தினேன். அவள் எழுதித் தந்திருந்த எண்ணைத் தாண்டி இரண்டு பாகை கூடவே காட்டியது. இறைச்சி வெந்துவிட்டது. ஆனால் தோலோ வெளிறி, காய்ச்சல்காரன் முகம்போல. அவனுக்குள் ஐந்து நிமிஷம் வைத்தால் சிவக்கும்; அவன் இருப்பது சாந்தியின் ராச்சியத்தில். கோடைக்கு வாங்கிய பாபிகியூ அடுப்பை இழுத்துவந்து, கரி மூட்டி, குளிரில் மண்டியிட்டு ஊதினேன். தோல் சடசடவென்று பொன்னிறமாகும் நேரம் பார்த்து, பின்கதவால் டொம்மோடு டெரிக் வந்து நின்றார். கோட், கழுத்துத்துணி, நெற்றியில் திருநீறு, முழங்காலில் சேறு, கையில் இடுக்கி. நான் நின்ற கோலம் அது. மனுசன் நேரே கரி அடுப்புக்கு வந்தார். குனிந்து தோலைப் பார்த்தார். “இப்போது எடுங்கள்” என்றார். எடுத்தேன்.

அடுப்படிக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி அறையில் சாப்பாடு. சாந்தி அவனில் முறுக வைத்த உருளைக்கிழங்கும், தேங்காய்ப்பூப் போட்டு வறுத்த பிரஸல்ஸ் முளைக்கோவாவும் சைவப் பக்கத்தில். கொட்டிலில் ஊறிய சாற்றில் செய்த கிரேவியும் வான்கோழியும் மறுபக்கத்தில். டெரிக்கே கத்தியை வாங்கி வெட்டினார். துண்டு துண்டாக, ஈரம் மினுங்க, ஒரே தடிப்பில் சரிந்தது. முள்ளுக்கரண்டியை வாய்வரை கொண்டுபோனவர் என் தட்டைப் பார்த்தார். பிறகு சாந்தியின் தட்டை. கரண்டி கீழே இறங்கியது.

“நீங்கள் இதைச் சாப்பிடவில்லையா?”

“இல்லை. நான் இன்றைக்குச் சாப்பிடுவதில்லை.”

“நாற்பது வருடம் இறைச்சி விற்றவன் நான். சமைத்தவன் தொடாத இறைச்சியை நான் தொட்டதில்லை.”

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் விரதத்தை டெரிக்கிடம் சொல்ல அபி மறந்தே போயிருந்தாள். அவள் பார்வை மூலையில் கிடந்த குளிர்ப்பைக்குப் போனது. எனக்கோ, இதைச் சொல்லிவைக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. திருவெம்பாவைக்கு மச்சம் இல்லை என்பதை ஊரில் எவனுக்கு எவன் விளக்கினான்? ஐந்து மாதம் கறித்தூளுக்குப் பயந்தேன், உப்புக்குப் பயந்தேன், இறைச்சியில்லாத என் தட்டு என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று நினைக்கவில்லை.

“பத்து நாளுக்கு இறைச்சி இல்லை” என்றேன்.

“டொக்டர் சொன்னாரா? கொலஸ்ட்ரோலா?”

“இல்லை. கடவுளுக்காக.”

டெரிக் யோசித்தார். “அப்படியென்றால் சமைக்கும்போது ருசி பார்க்கவேயில்லையா?”

“இல்லை.”

“கிரேவியை?”

“அதையும் இல்லை. மணந்து பார்த்தேன்.”

மனுசன் என் பக்கம் தலையாட்டினார். பிறகு தட்டைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோய், கடைக்காரன் சரக்கை மதிப்பதுபோல, கண்ணை மூடி மணந்தார். வைத்தார். வெட்டினார். மென்றார். மூன்று முழு நிமிஷங்கள். அபி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்ததை அப்போது நான் உணரவில்லை, பிறகு அந்த இடம் நொந்தது.

“முப்பது கிறிஸ்மஸ் என் மனைவியின் வான்கோழியைக் கிரேவியில் நீந்த விட்டுத்தான் விழுங்கினேன்” என்றார் டெரிக். “அவள் உயிரோடு இருந்தால் இதைச் சொல்லமாட்டேன். இது அதைவிட நல்லது. உப்பு, ஒரு கல் கூடவில்லை, ஒரு கல் குறையவில்லை.”

டொம் மேசையில் தட்டினான். சாந்தி, மச்சத்தைத் திரும்பியும் பார்க்காதவள், முளைக்கோவாக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளி, “இதையும் போட்டுச் சாப்பிடச் சொல்லுங்கோ அந்தாளை” என்றாள். போட்டுச் சாப்பிட்டார். இரண்டாம் தடவை தட்டை நீட்டினார். மூன்றாம் தடவை கேட்காமலே எடுத்தார். பெல்ற்றை ஒரு துளை தளர்த்தியதை நான் கண்டேன், காணாததுபோல் இருந்தேன். கடைசியில் அபி எழும்பி, திறக்காத குளிர்ப்பையைச் சத்தமில்லாமல் தன் காரில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். திரும்பி வந்தவள் என் உச்சியில் ஒரு முத்தம் வைத்தாள்.

இந்த நாட்டில் நான் சில வெற்றிகளைக் கண்டிருக்கிறேன். இங்கேயே நிற்கலாம் என்று எழுதிய கடிதம் வந்த நாள். சொந்த வீட்டுக் கதவின் திறப்பு கைக்கு வந்த நாள். அபி பட்டம் வாங்கிய மண்டபத்தில் என் பெயரின் பாதியை ஒலிபெருக்கி தவறாக உச்சரித்த நாள். அவற்றையெல்லாம் ஒருவர் தந்தார், நான் வாங்கிக்கொண்டேன். இதை நான் கொடுத்தேன், அவர் வாங்கிக்கொண்டார். முப்பது வருஷத்தில் இந்த மண்ணின் ஒரு மனுசன் என் கையிலிருந்து பசியாறி எழும்பினான். அதன் ருசி என்ன என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. புறப்படும் முன் டெரிக் நடுப்பகுதியில் இரண்டு தடித்த துண்டு வெட்டி, ஃபொயிலில் மூலை மடித்து, கடையில் கட்டுவதுபோல ஒரு பொட்டலமாக்கி என் கையில் வைத்தார். “இது சமைத்தவன் பங்கு. ஃப்ரீசரில் போடுங்கள். உங்கள் கடவுள் விட்டதும் எடுங்கள்.” வாசற்படியில் நின்றேன். பின்னால் சாந்தி சுவாமிக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள், அந்தப் பொட்டலத்தோடு என்னால் உள்ளே போகமுடியாது. முன்னால் தெருவில் டொம்மின் கார் இரைந்தது, அதில் எனக்கு இடமில்லை. நெற்றியில் திருநீறோடும் கையில் இளஞ்சூட்டு இறைச்சியோடும் இரண்டுக்கும் நடுவே, சிரித்துக்கொண்டு, நிறைந்துபோய் நின்றேன். கார்க் கண்ணாடி இறங்கியது. டெரிக் தலையை வெளியே நீட்டினார்.

“சாப்பிட்டதும் எனக்குப் போன் பண்ணுங்கள். எப்படி இருந்தது என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லையே!”