மில்லுக்குப் போறவங்களுக்கு எதுக்குங்க பைத்தான்?

இன்னும் கோபம் அடங்கவில்லை.

காந்திபுரத்தில் நான் போகும் பைத்தான் என்ற கணினி மொழி வகுப்பில் இன்று, இரண்டு எண்களை வாங்கிக் கூட்டும் பயிற்சி. பக்கத்தில் செல்வி அக்கா. சூலூரில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர்.

பயிற்சியாளர் போர்டில் எழுதியிருந்த நிரலை அக்கா அப்படியே டைப் செய்து, 40, 35 என்று கொடுத்தார். திரையில் 4035 வந்தது.

கையைத் தூக்கினார். "ஏனுங்க சார், 40+35னு நானே எழுதுனா 75 வருதுங்க. இன்புட்ல வாங்குனா மட்டும் 4035 வருதுங்க. அப்ப வாங்குற எடத்துலதானுங்களே கோளாறு?"

பயிற்சியாளர் சிரித்தார். "அம்மணி, மில்லுக்குப் போறவங்களுக்கு இத்தனை ஆராய்ச்சி எதுக்குங்க? போர்டப் பாத்து டைப் பண்ணுங்க, போதும்."

வகுப்பே சிரித்தது. அக்கா கையை இறக்கிக்கொண்டார். அவமானப்படுத்தும்போதும் அந்த மனிதர் ஒரு 'ங்க'வைக்கூட விடவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றேன். "அக்கா சொல்றது சரிதானுங்க சார். இன்புட் எதை வாங்குனாலும் எழுத்தாத்தான் வெச்சுக்கும். int() போட்டு நம்பரா மாத்தோணும். உங்க போர்டுலயே அது இல்லீங்க."

அக்கா அதைச் சேர்த்து ஓட்டினார். 75 வந்தது.

பயிற்சியாளர் போர்டைத் திருத்திவிட்டு, "இதத்தானுங்க நான் சொல்ல வந்தேன்" என்றார். மன்னிப்பு? மூச்சே இல்லை.

அக்கா மட்டும் என் காதருகே, "இன்னும் கேக்கறதுக்கு நெறைய இருக்குது கண்ணு" என்றார்.

உங்களுக்கும் இப்படி ஒரு வாத்தியார் வாய்த்திருந்தால் கீழே கொட்டித் தீர்த்துவிடுங்கள்.