மூத்தவன் இன்னும் மேலேதான்

செத்துப்போன செயற்கைக்கோள்கள் எந்த வழியில் வருகின்றன என்று பார்த்து, உயிரோடு இருப்பவற்றை விலகிக்கொள்ளச் சொல்வதுதான் அவள் பார்த்த வேலை. செத்தவற்றில் ஒன்று, வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளே கட்டளை கொடுத்து ஓட்டியது. மகளுக்கு முன்பே வந்துவிட்டதால் வீட்டில் அதற்கு மூத்தவன் என்று பெயர்.

மேல்காற்றில் உரசி உரசி இறங்கி, தான் ஓய்வு பெறுவதற்குள் அது எரிந்துவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஓய்வு பெற்று வீடு திரும்பிய மாலையிலும் அது மேலேதான் இருந்தது.

"உன் கணக்கே தப்பிடுச்சா?" மொட்டை மாடியில் தேநீரை நீட்டினார் கணவர். அவர் பஸ் டிரைவர்.

"காத்து தப்பிடுச்சு. நாம விடற புகை இங்க சூடாக்குது, அவ்வளவு உயரத்துல குளிர வைக்குது. குளிர்ந்தா காத்து சுருங்கிக் கீழ இறங்கிடும். அவனைப் பிடிச்சு இழுக்க அங்க ஆளில்ல."

"அப்ப என் பஸ் புகையும் அவன் ஆயுசைக் கூட்டியிருக்குன்னு சொல்லு."

"இதுல பெருமை வேற. எது மேலயாவது போய் மோதினா தெரியும்."

"கோவிச்சுக்காத. பெத்தவங்களுக்கு அப்புறமும் பிள்ளை நல்லா இருக்கணும்னுதானே எல்லாரும் நினைக்கிறாங்க."

நாளையிலிருந்து அவன் வழியைப் பார்க்க அவள் நாற்காலியில் வேறு யாரோ உட்காருவார்கள். இருட்டத் தொடங்கிய வானத்தில், மின்னாத ஒரு புள்ளி வீட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"பாத்துப் போப்பா," என்றாள்.