வெள்ளிக்கிழமை நாலு மணிப் பூட்டு

“…அப்ப இனி வெள்ளிக்கிழமைக்குப் பழைய பூட்டு வேண்டாம், இல்லே மோனே?” என்று எங்கள் வாசலில் நின்று கீழ்வீட்டுச் சேட்டன் கேட்டார். அதற்கு முன்னால் அவர் சொன்ன பாதி வாக்கியத்தை இப்போது எழுதக் கை வரவில்லை. பிறகு சொல்கிறேன்.

பூட்டு என்று அவர் சொன்னது கதவுப் பூட்டை அல்ல, அவர் வீட்டு ரௌட்டரின் பூட்டை. அப்போது மட்டாஞ்சேரியில் ஒரே வீட்டின் கீழே சேட்டனும், மாடியில் வாடகைக்கு நானும் அத்தானும் இருந்தோம். சேட்டன் மிளகுக் கிடங்கில் எடை போடும் வேலையிலிருந்து ஓய்ந்தவர். எங்களைப் போலவே எப்போதோ வந்து மலையாளத்தில் ஊறிப்போன தமிழ்க் குடும்பம். நான் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானாகத் தட்டித் தட்டிப் பழகியது. தெருவில் யார் வீட்டில் எது மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அத்தான் என் அக்காவின் கணவர். அவருக்குக் காது கேட்காது. தேவரா பக்கம் ஓர் ஒப்பந்தக்காரரிடம் கப்பல் தகடுகளில் துரு தட்டும் வேலையில் பத்து வருஷம் இருந்தார். இரும்புக்குள் உட்கார்ந்து நாள் முழுக்கச் சுத்தியல். காது போன பிறகு அரிசிக் கிடங்கில் வாட்ச்மேன். அடுத்த வருஷம் அக்கா மஸ்கட்டில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனாள். மாதம் பிறந்தால் ஒன்றாம் தேதி ஒரே ஒரு போன். நாங்கள் கூப்பிட வழியில்லை. எதிரில் உட்கார்ந்து வாயைப் பார்த்தால் அத்தானுக்கு முக்கால்வாசி புரியும். போனில் ஒன்றுமே இல்லை. அவர் பேசுவதை அக்கா கேட்பாள், அவள் பேசுவதை நான் வாயசைத்து அவருக்குச் சொல்வேன். புருஷனிடம் சொல்ல வேண்டியதைத் தம்பியிடம் எவ்வளவுதான் சொல்ல முடியும்? சாப்பிட்டாரா, உடம்பு பரவாயில்லையா என்பதைத் தாண்டி அவளும் போக மாட்டாள்.

“உங்க அக்கா இப்பல்லாம் மீசை வெச்சுக்கிட்டுப் பேசுறா மச்சான்,” என்றார் அத்தான் ஒருமுறை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்த நாட்களில், லீவில் வந்த ஒருவரிடம் அக்கா ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினாள். உள்ளே புத்தகம் போலத் திறந்து மூடுகிற சின்ன வீடியோ கேம். அங்கே வீட்டுக்காரம்மாவின் மகள் புதிது வாங்கியதும் பழையதை அக்காவுக்குக் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மதியம் வீடே தூங்கும்போது அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, தன்னுடைய புதியதில் கார்ப் பந்தயம் பழக்கியதும் அந்தப் பெண்தான். கூடவே ஒரு சீட்டு இருந்தது. வைஃபையில் சேர்த்தால் அங்கிருந்தும் இங்கிருந்தும் ஒரே பந்தயத்தில் ஓடலாமாம். வெள்ளிக்கிழமை, உங்கள் நேரம் நாலு மணி. அத்தான் சீட்டை இரண்டு தடவை படித்தார்.

“இதுல பேச வேண்டாம் இல்லே?”

வேண்டாம் என்று தலையாட்டினேன்.

“அப்ப நீயும் வேண்டாம்,” என்றார்.

ஆனால் வைஃபைக்குப் போடும் பாஸ்வேர்ட் பூட்டுகளில் அந்தக் கேமுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பழைய வகை. விவரம் தெரிந்தவன் தெருவில் நின்றே உடைத்துவிடுவான். சேட்டனின் ரௌட்டரில், பெங்களூரிலிருந்த அவர் மகன் புதுவகைப் பூட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். எவனோ எவர் வீட்டு வைஃபையிலோ புகுந்து மிரட்டல் அனுப்பியதும், வீட்டுக்காரரைத் தேடிப் போலீஸ் போனதும் பேப்பரில் வந்திருந்த சமயம். “இந்த வயசுல ஸ்டேஷன்ல போயி உக்காந்து சாயா குடிக்கணுமா நான்?” என்றார் சேட்டன். அத்தான் கேமைத் திறந்து, மூடி, திறந்துகொண்டு நின்றார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை நாலிலிருந்து அஞ்சு வரைக்கும் மட்டும் என்று சேட்டன் இறங்கி வந்தார்.

பூட்டை மாற்ற அவருக்கே கற்றுக்கொடுத்தேன். அந்த ஒரு மணி நேரமும் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தெருவைக் காவல் காப்பார். தோளில் லேப்டாப் பைபோலக் கறுப்புப் பை மாட்டிய எவனாவது நின்றுவிட்டால், ஆரைக் காணணும் என்று எழுந்துவிடுவார். மருந்துக் கம்பெனி ரெப் ஒருவர் எங்கள் தெரு வழியாக வருவதையே விட்டுவிட்டார்.

முதல் வெள்ளி இணைந்ததும் கேம் எங்களுக்குப் பன்னிரண்டு இலக்க எண் ஒன்றைக் கொடுத்தது. அக்காவுக்கும் அப்படி ஒன்று உண்டு. அவள் எண்ணை நாங்களும் எங்கள் எண்ணை அவளும் ஏற்றிவைத்தால்தான் ஒருவர் கண்ணில் ஒருவர் படுவார்கள். ஒன்றாம் தேதி போனில் எண்களை மாற்றிக்கொண்டோம். அதையடுத்து வந்த வெள்ளி நாலு மணிக்கு அக்கா பெயர் திரையில் வந்தது.

ஓட்டத் தெரியாமல் அத்தான் முதல் வளைவிலேயே பள்ளத்தில் விழுந்தார். முன்னால் போன அக்காவின் வண்டி நின்றது. மற்ற வண்டிகளெல்லாம் தாண்டிப் போக, இவர் ஏறி வரும்வரை நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். ஏறி வந்தவர் பின்னாலிருந்து ஓர் இடி இடித்தார். அவள் சுற்றிக்கொண்டு வந்து திருப்பி இடித்தாள். அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு பேரும் ஒரு பந்தயத்தையும் முடிக்கவில்லை. நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். தான் எவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறோம் என்பது அத்தானுக்குத் தெரியவில்லை.

அடுத்த வெள்ளி இணைப்பே கிடைக்கவில்லை. கீழே எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: மதியச் சோற்றுக்குப் பிறகு சேட்டன் கண்ணசந்துவிட்டார், பூட்டை மாற்றவில்லை. நான் எட்டிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. கேமுக்குள் போய், இருந்த வைஃபை அமைப்பை மொத்தமாக அழித்தேன். அழிக்கட்டுமா என்று அது இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் ஆமாம் என்று அழுத்தினேன். அதற்குப் பிறகுதான் கீழே போய்ச் சேட்டனை எழுப்பினேன். மறுபடி இணைந்தது. காலியாகிப்போன பட்டியலில் அக்காவின் எண்ணைத் திரும்ப ஏற்றினேன். அழித்ததோடு எங்கள் பழைய எண் செத்துப்போய், புதிதாக வேறொன்று வந்திருந்ததைப் பார்க்கவில்லை. அக்காவிடம் இருந்தது செத்த எண்.

அன்றைக்கும் அடுத்த இரண்டு வெள்ளியும் அத்தான், பெயர் வராத திரையைப் பார்த்துக்கொண்டு அஞ்சு மணிவரை உட்கார்ந்திருந்தார். ஒன்றாம் தேதி போனில் அக்கா, “நான் வாராவாரம் உக்காந்துதான் இருக்கேன். அவருக்கு அலுத்துப்போச்சாடா?” என்றாள். லைன் சரியில்லை என்று அவளிடமும் சொன்னேன், அத்தானிடமும் சொன்னேன். அவள் கேட்ட கேள்வியை மட்டும் வாயசைக்கவில்லை. போனை வைத்த பிறகு ஏதோ உறுத்தி, கேமில் எங்கள் எண்ணை எடுத்துப் பழைய சீட்டோடு வைத்துப் பார்த்தேன். முதல் நாலு இலக்கமே வேறு.

இனி ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த மாதத்தில் நாலு வெள்ளி. அக்கா வர மாட்டாள் என்று எனக்குத் தெரியும், அத்தானுக்குத் தெரியாது. நாலு வெள்ளியும் அவர் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். கீழே சேட்டன் ஸ்டூலில் கொட்டாவியைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இருவரிடமும் வாய் திறக்கவில்லை.

அடுத்த ஒன்றாம் தேதி புது எண்ணைத் தாளில் பெரிதாக எழுதிக் கையில் வைத்திருந்தேன். அக்கா முந்திக்கொண்டாள். வீட்டுக்காரம்மாவின் மகள் படிக்க வெளிநாடு போய்விட்டாளாம், கேமையும் எடுத்துக்கொண்டு. அந்த வீட்டில் இனி வேறு இல்லை. “அன்னைக்கு ஒரு நாள் நல்லா இருந்துச்சுன்னு அவருகிட்ட சொல்லு,” என்றாள். சொன்னேன்.

அத்தான் யோசித்தார். “அப்ப இத்தனை வெள்ளியும் அவ அங்க உக்காந்திருந்தாளா?” என்று என்னைத்தான் கேட்டார். அது அவள் காதிலும் விழுந்தது. “ஆமான்னு சொல்லு,” என்றாள். தலையாட்டினேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அக்கா சொன்னதைக் கேள்விப்பட்டு, அந்த வாரம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத்தான் சேட்டன் படியேறி வந்து வாசலில் நின்றார். “நான் அன்னிக்குத் தூங்கிப் போனதுல வந்ததுதானே இதெல்லாம்,” என்றார். முன்பே எழுதியிருக்க வேண்டிய பாதி அதுதான். அதன் பிறகுதான் பழைய பூட்டு வேண்டாம் இல்லையா என்று கேட்டார். அத்தான் அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு, அதெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோலக் கையை அசைத்தார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். தூக்கத்தால் அல்ல, என்னால் என்று சொல்ல நாலு வார்த்தை போதும்.

“ஆமா சேட்டா, இனி வேண்டாம்,” என்றேன்.

சேட்டன் கீழே போனார். மகனைப் போனில் பிடித்து, அவன் சொல்லச் சொல்ல ரௌட்டரின் புதுவகைப் பூட்டுக்குப் புதுப் பாஸ்வேர்ட் ஒன்றைப் போட்டார். காலண்டர் தாளின் பின்பக்கம் அதை எழுத்தெழுத்தாகப் பெரிதாக எழுதி, மறுபடியும் படியேறி வந்தார். அந்தப் பூட்டு கேமுக்கு ஏறாது என்று அவருக்கும் தெரியும். தாளை நான்காக மடித்து அத்தானின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.